அரூபத்திலிருந்து உருவத்துக்கு: சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடா ஓவியர்கள் பின்வாங்கினார்களா?

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவில் அரூப ஓவியம், அதாவது அடையாளம் காணத்தக்க உருவங்கள் இல்லாமல் வண்ணமும் வடிவமும் மட்டுமே கொண்ட ஓவியம், கொடிகட்டிப் பறந்த நாட்களில், சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியைச் சேர்ந்த சில ஓவியர்கள் மறுபடியும் மனிதர்களை வரையத் தொடங்கினார்கள். இதைப் பழமைக்குத் திரும்பிய செயலாக எடுத்துக்கொள்ள வேண்டுமா, அவர்களுடைய படங்களில் அரூபம் என்று எதுதான் மிஞ்சியது, அவர்களை எங்கிருந்து பார்க்கத் தொடங்கலாம் என்பவையே இங்கே கேட்கப்பட்டிருக்கும் மூன்று கேள்விகள்.

முதல் கேள்விக்கு என் பதில், அது பின்வாங்கல் இல்லை என்பதே. அரூப ஓவியத்தில் தாங்கள் கற்றுக்கொண்ட எதையும் கைவிடாமல், அதே தூரிகை வீச்சையும் அதே வண்ணக் கட்டமைப்பையும் மனித உடலின்மீதும் அறையின்மீதும் தெருவின்மீதும் செலுத்திப் பார்த்தவர்கள் அவர்கள். 1940களுக்கு முந்தைய உருவ ஓவியர் எவரும் அவர்கள் வரைந்த விதத்தில் வரைந்திருக்க முடியாது. ஆனால் இதை வெறும் தீர்ப்பாகச் சொன்னால் போதாது. அந்த ஊர், அந்தப் பள்ளி, அந்த மூன்று நான்கு மனிதர்கள் ஆகியவற்றோடு சேர்த்துப் பார்த்தால்தான் நடந்தது என்னவென்று புரியும்.

எல்லாவற்றுக்கும் மையமாக இருந்தது சான் ஃபிரான்சிஸ்கோவில் செஸ்ட்நட் தெருவில் இருந்த கலிஃபோர்னியா நுண்கலைப் பள்ளி. 1945இல் டக்ளஸ் மெக்கேகி அதன் இயக்குநராகப் பொறுப்பேற்றார். போரிலிருந்து திரும்பிய வீரர்களின் படிப்புச் செலவை அரசே ஏற்கும் சட்டம் 1944இல் வந்திருந்ததால், போரைப் பார்த்துவிட்டு வந்த இளைஞர்கள் பள்ளியில் வந்து குவிந்தார்கள். அவர்களில் பலர் ஆசிரியர்களைவிடச் சில வயதே இளையவர்கள். பாடத்திட்டம் என்ற பெயரில் சிலைகளைப் பார்த்து வரையும் பயிற்சியை அவர்களிடம் கொடுத்து உட்காரவைக்க முடியாது. மெக்கேகி அந்தப் பழைய முறையைத் தூக்கிப்போட்டுவிட்டு, நாட்டிலேயே துணிச்சலான அரூப ஓவியர்களைப் பள்ளிக்கு அழைத்து வந்தார். கிளிஃபர்ட் ஸ்டில் 1946 முதல் 1950 வரை அங்கே கற்பித்தார். மார்க் ராத்கோ 1947, 1949 ஆகிய ஆண்டுகளின் கோடை வகுப்புகளுக்கு வந்தார். நியூயார்க்கில் உருவாகிக்கொண்டிருந்த அரூப வெளிப்பாட்டு ஓவியம், அந்நகரத்து மாணவர்களுக்குப் பரவலாகப் போய்ச் சேரும் முன்பே மேற்குக் கரையில் வகுப்பறைக்குள் நுழைந்துவிட்டது.

அந்தத் தலைமுறைக்கு அரூபம் ஏன் அவ்வளவு பெரிய விடுதலையாகப் பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். 1930களில் சான் ஃபிரான்சிஸ்கோவின் பொதுக்கலை என்றால் சுவரோவியம்தான். மெக்சிகோவின் சுவரோவியர் டியேகோ ரிவேரா 1931இல் இதே பள்ளியின் சுவரிலேயே ஒரு பெரும் ஓவியத்தைத் தீட்டியிருந்தார். 1934இல் அந்நகரின் காய்ட் கோபுரத்தின் உட்சுவர்கள் முழுவதும் தொழிலாளர்களாலும் விவசாயிகளாலும் நிரப்பப்பட்டன. மனித உருவம் என்றாலே ஏதோ ஒரு செய்தியைச் சுமந்து நிற்கும் உருவம் என்றாகிவிட்டிருந்தது. போர் முடிந்ததும், செய்தி சொல்லும் கடமையிலிருந்து விடுபட்ட வண்ணம் என்பதே இளைஞர்களை ஈர்த்தது. ஸ்டில் இதற்கு ஒரு துறவியின் கண்டிப்பையும் சேர்த்தார். ஐரோப்பியக் கலை மரபு, விமர்சகர்கள், ஓவிய வணிகம் எல்லாமே அவருக்கு விலக்கப்பட்டவை. அவருடைய மாணவர்களில் பலர் அவரைப் போலவே தடித்த வண்ண அடுக்குகளைக் கத்தியால் பூசி, கிழிந்த பாறைமுகங்கள் போன்ற கேன்வாஸ்களைச் செய்தார்கள். விடுதலையாக வந்தது ஐந்தே ஆண்டுகளில் ஒரு சம்பிரதாயமாக இறுகத் தொடங்கியது என்றே நான் நினைக்கிறேன். டேவிட் பார்க் அதை முதலில் உணர்ந்தவர்.

பார்க் 1911இல் பாஸ்டனில் ஒரு மதகுருவின் மகனாகப் பிறந்தார். பட்டப்படிப்பு எதுவும் இல்லாமல், பதினேழு வயதில் ஓவியனாக வேண்டும் என்று கலிஃபோர்னியாவுக்கு வந்தவர். போர்க்காலத்தில் ஒரு தொழிற்சாலையில் கிரேன் இயக்கினார். மெக்கேகி வருவதற்கு முன்பே அந்தப் பள்ளியில் ஆசிரியராகச் சேர்ந்திருந்தார். 1940களின் பிற்பகுதியில் மற்றவர்களைப் போலவே பெரிய அரூப ஓவியங்களைத் தீட்டிவந்த அவர், 1949இன் இறுதியில் ஒருநாள் தன் வசம் இருந்த அரூப ஓவியங்களைக் காரில் ஏற்றிச் சென்று பெர்க்லி நகரின் குப்பைக் கிடங்கில் கொட்டிவிட்டு வந்தார். அந்தக் காலத்து ஓவியங்களில் தப்பிப் பிழைத்தவை மிகச் சில. இந்தச் சம்பவம் வளைகுடாப் பகுதியில் ஒரு தலபுராணம் போலவே சொல்லப்பட்டுவருகிறது. அதன் நாடகத்தன்மையைவிட, பின்னாளில் அவர் அதற்குச் சொன்ன காரணம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. உயிர்ப்பு, ஆற்றல், ஆழம், கதகதப்பு போன்ற பெரிய இலட்சியங்கள் தன் தெய்வங்களாகிவிட்டிருந்தன என்றும், தன் படங்களோ அவற்றின் அருகில்கூடப் போகவில்லை என்றும், முக்கியமானவனாக ஆக வேண்டும் என்று பாடுபட்டுக்கொண்டிருக்கும் ஒரு கடும் உழைப்பாளியை மட்டுமே அவை தனக்குக் காட்டின என்றும் அவர் சொன்னார். அரூபம் தவறு என்று அவர் சொல்லவில்லை. அந்த இலட்சியங்களையும் அவர் விட்டுவிடவில்லை. தன் கையில் அரூபம் ஒரு தோரணையாக மாறிவிட்டது என்பதே அவருடைய புகார். இப்படித் தன்னையே தராசில் நிறுத்திப் பார்க்கும் நேர்மை எந்தக் கலைஞரிடமும் அரிது.

அதன் பிறகு அவர் வரைந்தவற்றுள் ஒன்று மிதிவண்டி ஓட்டும் சிறுவர்களின் படம். அருகில் ஒரு சிறுவன் பெரிதாகவும் தொலைவில் இன்னொருவன் மிகச் சிறியவனாகவும் இருக்கிறார்கள். இருவருக்கும் நடுவே கிடக்கும் வெற்றுத் தளம், தரையா சுவரா என்று கேட்கும் அளவுக்குத் தட்டையாக நிற்கிறது. 1951இல் சான் ஃபிரான்சிஸ்கோ கலைச் சங்கத்தின் ஆண்டுக் கண்காட்சியில் அந்த ஓவியம் பரிசு பெற்றபோது, நண்பர்களே அதிர்ச்சி அடைந்தார்கள். அதே வட்டத்து ஓவியரும் அப்போது நியூ மெக்சிகோவில் இருந்தவருமான ரிச்சர்ட் டீபன்கார்ன், பார்க்குக்கு என்ன ஆகிவிட்டது என்று புரியாமல் திகைத்துப்போனார். இத்தனைக்கும் அந்தப் படத்தின் வெட்டும் சட்டகமும், தூரத்தை அழிக்கும் தளமும் அரூப ஓவியப் பயிற்சி இல்லாமல் வந்திருக்க முடியாதவை. அதே காலத்தில் பார்க் வரைந்த இன்னொரு படம் ஒரு ஜாஸ் குழுவின் ஒத்திகை. அது அவருடைய சொந்தக் குழு. பள்ளி ஆசிரியர்கள் சேர்ந்து நடத்திய அந்தக் குழுவில் பார்க் பியானோ வாசித்தார், எல்மர் பிஷாஃப் ஊதுகருவி வாசித்தார், இயக்குநர் மெக்கேகியே டிரம்ஸ் அடித்தார். தெரிந்த மனிதர்கள், தெரிந்த அறை, தெரிந்த மாலைப்பொழுது என்று வாழ்க்கையில் கைக்கு எட்டியதை வரைவது என்ற முடிவு அங்கிருந்தே தெரிகிறது.

பார்க்கின் பாதையில் அடுத்து வந்தவர் பிஷாஃப். 1916இல் பெர்க்லியிலேயே பிறந்தவர். 1952இல் பள்ளியின் புதிய நிர்வாகம் ஹாசல் ஸ்மித் என்ற ஆசிரியரை நீக்கியபோது, பார்க்கும் பிஷாஃபும் அவருக்கு ஆதரவாகத் தங்கள் வேலையை விட்டார்கள். இதனால் பார்க்கின் குடும்பம் அவருடைய மனைவி லிடியாவின் சம்பளத்தில் நடந்தது. பிஷாஃப் ஒரு சரக்கு நிறுவனத்தில் லாரி ஓட்டினார், பிறகு மேரிஸ்வில் என்ற சிற்றூரின் கல்லூரியில் ஆசிரியராகப் போனார். மதிய உணவு இடைவேளைகளில் கண்ணில் பட்டவற்றைக் கிறுக்கிக்கொண்டிருந்த அந்த நாட்களில்தான் அவரும் உருவத்துக்கு வந்துசேர்ந்தார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சான் ஃபிரான்சிஸ்கோவில் அன்று நவீன ஓவியத்துக்குச் சந்தை என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. வாங்குவோர் சிலர், காட்சிக்கூடங்கள் அதைவிடக் குறைவு. ஓர் ஓவியர் தன் பாணியை மாற்றினால் விலை சரியும், முகவர் கோபிப்பார் என்ற அச்சமே அங்கே எழ வழியில்லை. நியூயார்க்கில் கையெழுத்துப் போலவே ஒரு பாணியை வைத்துக்கொண்டால்தான் பிழைப்பு என்ற நிலை உருவாகிக்கொண்டிருந்தபோது, ஆசிரியர் சம்பளத்தில் வாழ்ந்த இந்த ஓவியர்கள் தாங்கள் நேற்று செய்ததை இன்று மறுக்கத் துணிந்ததற்கு அந்தத் தொலைவும் ஒரு காரணம். இந்த ஓவியம் ஏன் வளைகுடாப் பகுதியில் இப்படி ஒரு குழுவாக எழுந்தது என்று கேட்பவர்களுக்கு, கடற்கரை ஒளியைப் பற்றிப் பேசுவதற்கு முன் இதைத்தான் சொல்வேன்.

டீபன்கார்ன் கடைசியாக வந்தார், வந்த விதமும் வேறு. 1922இல் பிறந்த அவர் ஸ்டான்ஃபோர்டில் படித்துக்கொண்டிருந்தபோதே, பாலோ ஆல்டோவில் சாரா ஸ்டைன் என்ற சேகரிப்பாளரின் வீட்டில் பிரெஞ்சு ஓவியர் ஆன்றி மத்தீஸின் ஓவியங்களைப் பார்த்தவர். 1944இல் அமெரிக்க மரைன் படையில் சேர்ந்து வாஷிங்டனுக்கு அருகே இருந்தபோது, விடுமுறை கிடைக்கும்போதெல்லாம் ஃபிலிப்ஸ் அருங்காட்சியகத்துக்குப் போய், பாரிஸ் ஆற்றங்கரைச் சன்னலோடு கூடிய மத்தீஸின் ஸ்டூடியோ ஓவியத்தின் முன் நின்றிருக்கிறார். போருக்குப் பிறகு அரூபத்தில் முழுமையாக இறங்கி, அல்புகர்க்கியிலும் இல்லினாயிலும் வாழ்ந்துவிட்டு, 1953இல் பெர்க்லிக்குத் திரும்பி, ஊரின் பெயரையே வைத்து எண்ணிட்ட ஒரு நீண்ட அரூப வரிசையைத் தீட்டினார். நாடு முழுவதும் அவருக்குப் பெயர் வந்துகொண்டிருந்தது அந்த ஓவியங்களால்தான். 1955இன் பிற்பகுதியில், அந்தப் பெயரின் உச்சத்தில், வீட்டுக்கு அருகில் இருந்த ஒரு பள்ளத்தாக்கையும் மேசைமேல் கிடந்த பொருள்களையும் வரையத் தொடங்கினார்.

ஏன்? படத்தை வெடிக்கவைக்க வேண்டும், அதில் ஆற்றலை ஏற்றிக்கொண்டே போக வேண்டும் என்ற தன் ஆசையின்மீது தனக்கே சந்தேகம் வந்தது என்றும், அடக்கிவைத்த வலிமை, அமைதிக்கு அடியில் இருக்கும் இறுக்கம் ஆகியவையே இப்போது தனக்கு முக்கியம் என்றும் அவர் 1957 வாக்கில் சொன்னார். அரூபத்தில் அவர் கை தடையில்லாமல் ஓடியது. தடை வேண்டும் என்று தேடிப்போனார். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணை வரையும்போது, கோட்டை நினைத்த இடத்துக்கு இழுக்க முடியாது. அவள் முழங்கையும் நாற்காலியின் கையும் குறுக்கே நிற்கும். கண்முன் இருப்பது ஒருபக்கம் இழுக்க, கேன்வாஸின் நான்கு விளிம்புகளும் இன்னொரு பக்கம் இழுக்க, இரண்டுக்கும் நடுவில் நிகழும் பேச்சுவார்த்தையே அவருடைய அடுத்த பத்தாண்டு ஓவியம்.

இந்த மூவரும் 1953 வாக்கிலிருந்து வாரம் ஒருமுறை கூடி, ஒரு மாடலை அமர்த்தி, மையிலும் கரியிலும் வரைந்தார்கள். பின்னர் பால் வொன்னரும் தியோஃபிலஸ் பிரவுனும், ஜேம்ஸ் வீக்ஸும் சேர்ந்துகொண்டார்கள். கோட்பாட்டு அறிக்கை எதையும் அவர்கள் வெளியிடவில்லை. இவர்களை ஒரு பள்ளி என்று சொல்ல வேண்டுமென்றால், அதன் நிறுவனம் அந்த மாலை அமர்வுகள்தான்.

இனி இரண்டாவது கேள்வி. அரூபம் எங்கே மிஞ்சியது என்று காட்ட, மூவரிடமிருந்தும் சான்று எடுத்துக்கொள்கிறேன்.

டீபன்கார்ன் 1963இல் வரைந்த ‘நகரக் காட்சி 1’ என்ற ஓவியம் ஏறக்குறைய ஐந்தடி உயரம். நடுவில் ஒரு சாலை மேட்டின்மீது ஏறிப் போகிறது. இடப்பக்கம் வீடுகள், அவற்றின் நிழல்கள் சாலையின் குறுக்கே பட்டைகளாக விழுகின்றன. வலப்பக்கம் கட்டடங்களே இல்லை, பச்சையும் பொன்னிறமுமான வெற்று நிலம் மட்டுமே. உண்மையான தெருவில் வலப்பக்கமும் வீடுகள் இருந்தன, ஓவியர் அவற்றை எடுத்துவிட்டார். காட்சிக்கு விசுவாசமாக இருக்க நினைத்தவர் இதைச் செய்திருக்க மாட்டார். இடப்பக்கத்தின் நெருக்கடிக்கு எதிராக வலப்பக்கத்தில் பெரிய, அமைதியான தளங்கள் தேவைப்பட்டன என்பதாலேயே வீடுகள் போயின. முடிவை எடுத்தது அரூப ஓவியர். ஆனாலும் அந்தப் படத்தின் முன் நிற்பவருக்கு உச்சி வெயிலும் செங்குத்தான சாலையும் வறண்ட புல்லும் உடலில் உறைக்கின்றன. இரண்டும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. 1958இல் அவர் வரைந்த, தாழ்வாரத்தில் அமர்ந்திருக்கும் பெண்ணின் படத்திலும் இதையே காணலாம். அவளுக்குப் பின்னால் நிலமும் வானமும் கிடைமட்டமான வண்ணப் பட்டைகளாகவே வைக்கப்பட்டிருக்கின்றன. அவளை எடுத்துவிட்டாலும் அந்தப் பட்டைகள் ஒரு முழுமையான அரூப ஓவியமாக நிற்கும், ஆனால் அவள் இருப்பதால்தான் அவற்றுக்கு வெப்பமும் தொலைவும் நேரமும் கிடைக்கின்றன.

பிஷாஃபின் ‘ஆரஞ்சு நிற ஸ்வெட்டர்’ 1955இல் வரையப்பட்டது. ஒரு பெரிய உள்ளறை, அதில் ஒரு பெண், அவளைச் சுற்றிக் கசியும் ஒளி. அவள் யார் என்று முகம் சொல்வதில்லை. குளிர்ந்த வண்ணங்களுக்கு நடுவே அந்த ஸ்வெட்டரின் ஆரஞ்சுத் திட்டு ஒன்றே கண்ணை இழுத்துக்கொள்கிறது. மூவரிலும் பிஷாஃப்தான் மனநிலையை வரைந்தவர். அவர் படங்களில் அறைக்கும் ஆளுக்கும் எல்லைக்கோடு தெளிவாக இருக்காது, காற்றும் உடலும் ஒரே வண்ணக்குழம்பில் கரைந்திருக்கும். அவரை மற்ற இருவருக்கும் கீழே வைப்பது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

பார்க்கின் உச்சம் 1957 முதல் 1960 வரையிலான மூன்று ஆண்டுகள். தொடக்கத்தில் சற்று மெலிந்த வண்ணத்தில், கதை சொல்லும் பாங்கில் வரைந்த அவர், இந்த ஆண்டுகளில் மிக அகன்ற தூரிகைகளை எடுத்துக்கொண்டார். ஈரம் காயாத வண்ணத்தின்மீதே அடுத்த வண்ணத்தை இழுத்தார். அந்தத் தலைகளை அருகில் போய்ப் பார்த்தால் கண் என்று ஒன்று இருக்காது. கண்குழி இருக்க வேண்டிய இடத்தில் ஒரே ஒரு கரிய தீற்றல், மூக்கின் தண்டுக்கு ஒரு வெளிர் இழுப்பு, கன்னத்துக்கு ஒரு செம்மண் நிறப் பட்டை என்று தனித்தனி வண்ண வீச்சுகள்தான் கிடக்கும். பத்தடி பின்னால் வந்தால் அங்கே ஒரு மனிதர் வெயிலில் நின்றுகொண்டு நம்மைப் பார்க்கிறார். 1958இல் வரைந்த டி-ஷர்ட் அணிந்த மனிதரும், அதே ஆண்டில் வரைந்து இப்போது நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் இருக்கும் ‘நான்கு ஆண்கள்’ என்ற பெரிய ஓவியமும் இந்த வகை. இக்காலத்தில் அவர் பெரும்பாலும் மாடல் இல்லாமல் நினைவிலிருந்தே தீட்டினார். அதனால்தான் குளிப்பவர்களும் படகோட்டுபவர்களும் இன்னார் என்று சொல்ல முடியாத, ஆனால் யாருடைய உடலுக்கும் நெருக்கமான உருவங்களாக இருக்கிறார்கள். அரூப நாட்களில் அவர் தேடியும் கிட்டாத உயிர்ப்பும் கதகதப்பும் இங்கே வந்து அமர்ந்திருக்கின்றன என்பதே என் கருத்து.

1960இல் அவருக்குப் புற்றுநோய் என்று தெரியவந்தது. நின்றுகொண்டு தைல வண்ணத்தில் வேலை செய்ய உடல் இடம் தரவில்லை. படுத்தபடியும் உட்கார்ந்தபடியும் காகிதத்தில் கவாஷ் என்ற, நீரில் கரையும் அடர்வண்ணத்தில் நூறளவு ஓவியங்கள் செய்தார். ஃபெல்ட் பேனாக்களைக் கொண்டு முப்பது அடியைத் தாண்டும் ஒரு காகிதச் சுருளையும் வரைந்தார். தெருக்கள், கடைகள், மனிதர்கள் என்று வாழ்நாளில் பார்த்தவை எல்லாம் அதில் அடுத்தடுத்து வருகின்றன. அந்த ஆண்டு செப்டம்பரில், 49ஆவது வயதில் காலமானார்.

இதற்கிடையில் 1957இல் ஓக்லண்ட் அருங்காட்சியகத்தின் பால் மில்ஸ் இவர்களுடைய படங்களை ஒன்றுசேர்த்து ஒரு கண்காட்சி நடத்தினார். ‘வளைகுடாப் பகுதி உருவ ஓவியம்’ என்ற பெயர் நிலைத்தது அதற்குப் பிறகுதான். ஓவியர்கள் அந்தப் பெயரை உற்சாகமாக ஏற்கவில்லை. ஓர் இயக்கத்தின் கொடிக்குக் கீழ் நிறுத்தப்படுவதில் டீபன்கார்னுக்கு ஒப்புதலே இல்லை. அவர்களுடைய தயக்கம் நியாயமானது. அரூபத்துக்கு எதிரான கலகம் என்று அந்தப் பெயர் படிக்கப்பட்டது, நவீன ஓவியம் புரியாமல் எரிச்சலில் இருந்தவர்கள் இவர்களைத் தங்கள் கட்சிக்காரர்களாக எண்ணிக் கொண்டாடினார்கள், நியூயார்க்கில் அரூபத்தின் காவலர்களோ இவர்களைச் சரணடைந்தவர்களாகப் பார்த்தார்கள். இரு தரப்பும் படங்களைப் பார்க்காமல் பெயரைப் பார்த்தன. உங்கள் முதல் கேள்வியும் அந்தப் பழைய வாதத்திலிருந்தே வருகிறது. நியூயார்க்கிலேயே அரூப ஓவியர்களில் முன்னணியில் இருந்த வில்லெம் டி கூனிங் 1953இல் தன் பெண் உருவங்களைக் காட்சிக்கு வைத்திருந்தார் என்பதும் இங்கே நினைவில் இருக்க வேண்டும். ஆனால் டி கூனிங்கின் உருவங்களில் இருந்த சீற்றம் பார்க்கிடமும் பிஷாஃபிடமும் இல்லை. இவர்கள் வரைந்தது ஞாயிற்றுக்கிழமை மனிதர்களை.

அதுவே இவர்கள்மீது வைக்கப்படும் கடுமையான குற்றச்சாட்டும்கூட. 1949இல் இதே பெர்க்லியில் பல்கலைக்கழக ஆசிரியர்கள் கம்யூனிஸ்ட் எதிர்ப்பு உறுதிமொழியில் கையெழுத்திடும்படி கட்டாயப்படுத்தப்பட்டார்கள், மறுத்தவர்கள் வேலை இழந்தார்கள். கொரியப் போர் நடந்தது. அதில் எதுவும் இந்தப் படங்களில் இல்லை. காப்பிக் கோப்பை, கடற்கரை, வராந்தா, வெயில்தான் இருக்கின்றன. இந்த விமர்சனத்தை நான் முழுதாகத் தள்ளமாட்டேன். ஆயினும், சுவரோவியக் காலத்தில் செய்தியின் சுமைதாங்கியாக நின்ற மனித உருவத்தை, அரூபத்தின் வழியாகச் சென்று, எதையும் பிரதிநிதித்துவம் செய்யாத ஒரு தனி மனிதராக மீட்டுக்கொண்டு வந்ததும் அந்தக் காலத்தில் ஒரு நிலைப்பாடுதான். இவர்கள் வரைந்த பெண்கள் பெரும்பாலும் அசையாமல் உட்கார்ந்திருப்பவர்கள், சிந்தனையில் ஆழ்ந்தவர்கள், பெயரற்றவர்கள் என்பது மறுக்க முடியாத இன்னொரு குறை.

அந்தக் குறைக்குப் பதிலாக வந்தவர் ஜோன் பிரவுன். 1938இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் பிறந்து, பதினேழு வயதில் அதே கலைப்பள்ளியில் சேர்ந்து, பிஷாஃபின் மாணவியானவர். 1960இல் விட்னி அருங்காட்சியகம் இளம் அமெரிக்க ஓவியர்களைத் தேர்ந்தெடுத்து நடத்திய கண்காட்சியில் 22 வயதில் இடம்பெற்றார். வண்ணத்தைக் கரண்டியால் அள்ளி வைத்தது போன்ற தடிமனில் பூசுவார். அவர் எடுத்துக்கொண்ட விஷயங்கள் அடுக்களையிலிருந்தும் தன் குழந்தையிடமிருந்தும் வந்தவை. நன்றி நவிலல் நாளுக்காக உரித்துவைத்த வான்கோழியை வரைந்தார், அதை நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகம் வாங்கிக்கொண்டது. 1964 வாக்கில் வரைந்த ஒரு படத்தில் அவருடைய சின்ன மகன் நோயல் சமையலறை மேடையை எட்டிப் பிடித்தபடி அரைகுறை உடையில் நிற்கிறான், கூடவே இரண்டு பெரிய நாய்கள் இருக்கின்றன, தரை முழுவதும் கட்டங்கள். ஓவியராகவும் தாயாகவும் ஒரே அறையில் வாழ்ந்தவரின் பார்வை அது. முந்திய தலைமுறையின் அமைதியான வராந்தாக்களில் இந்தச் சந்தடிக்கு இடமே இருந்ததில்லை. அடர்வண்ணப் பாணி விற்பனையாகத் தொடங்கியதும், அதையே தொடரும்படி வற்புறுத்தல் வந்தபோது, அதை அப்படியே விட்டுவிட்டுத் தட்டையான எனாமல் வண்ணங்களுக்கு மாறினார். பார்க் குப்பைக் கிடங்குக்கு ஓட்டிச் சென்றதற்கு நிகரான துணிச்சல் என்று இதைச் சொல்வேன்.

ஜோன் பிரவுனின் மரணம் நமக்கு மிக அருகில் நிகழ்ந்தது. ஆன்மிக நாட்டத்தால் சத்ய சாயி பாபாவின் பக்தையான அவர், ஆந்திராவின் புட்டபர்த்தியில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த ஆன்மிக அருங்காட்சியகத்தில் தான் வடிவமைத்த ஒரு தூணை நிறுவும் பணிக்காக 1990 அக்டோபரில் வந்திருந்தார். கட்டடத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்ததில், உடன் வேலை செய்துகொண்டிருந்த இருவரோடு உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 52. அமெரிக்க நவீன ஓவிய வரலாற்றில் இடம்பெற்ற ஒருவர் தென்னிந்தியாவின் சிற்றூர் ஒன்றில் இறந்தார் என்பது இங்கே ஓவியம் பயில்பவர்களில்கூடப் பலருக்குத் தெரியாது.

மற்றவர்களைச் சுருக்கமாகவே சொல்கிறேன். ஜோன் பிரவுனின் கணவராகச் சில ஆண்டுகள் இருந்த மானுவல் நேரி, இந்த வண்ண முறையைப் பிளாஸ்டர் சிற்பங்களின்மீது பூசிப் பார்த்தவர். ஓக்லண்டில் போர்த்துகீசியக் குடும்பத்தில் பிறந்த நேதன் ஒலிவேராவின் தனித்து நிற்கும் உருவங்கள் ஐரோப்பியத் துயரத்துக்கு நெருக்கமானவை. தியோஃபிலஸ் பிரவுனின் கால்பந்து வீரர்கள் 1956இல் லைஃப் இதழில் வந்து பரவலாகப் பேசப்பட்டார்கள். ஜேம்ஸ் வீக்ஸின் இசைக் கலைஞர்கள் இந்தக் குழுவிலேயே மிகத் திடமான உருவங்கள்.

பின்வாங்கலா என்ற கேள்விக்கு இவர்களுடைய பிற்கால வாழ்க்கையைவிட நல்ல பதில் கிடையாது. டீபன்கார்ன் 1966இல் தெற்கே சாண்டா மோனிகாவுக்குக் குடிபெயர்ந்தார். அடுத்த ஆண்டே உருவத்தை விட்டு, அந்தப் பகுதியின் பெயரால் ‘ஓஷன் பார்க்’ என்று எண்ணிட்ட அரூப வரிசையைத் தொடங்கி, இருபது ஆண்டுகளுக்கு மேல் நூற்றுக்கும் அதிகமான கேன்வாஸ்களைத் தீட்டினார். அவற்றில் உள்ள நீளப் பட்டைகளும் மூலைக் கோணங்களும், ‘நகரக் காட்சி’யின் சாலையிலும் தாழ்வாரத்துப் பெண்ணின் பின்னணியிலும் இருந்தவையே. பிஷாஃபும் 1970களின் தொடக்கத்தில் உருவத்தை விட்டு அரூபத்துக்கே வந்தார். உருவத்துக்குப் போனது சரணாகதி என்றால், அங்கிருந்து அரூபத்துக்கு வந்ததை என்னவென்று சொல்வது? மற்றவர்கள் இரண்டு முகாம்களைப் பார்த்த இடத்தில், வேலை நின்றுபோகும்போதெல்லாம் எந்தப் பக்கம் தடை இருக்கிறதோ அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளும் ஒரே களத்தையே இவர்கள் பார்த்தார்கள்.

எங்கிருந்து தொடங்கலாம் என்ற மூன்றாவது கேள்விக்கு: சான் ஃபிரான்சிஸ்கோ நவீன கலை அருங்காட்சியகமும் ஓக்லண்ட் அருங்காட்சியகமும் இவர்களுடைய முக்கியமான படங்களை வைத்திருக்கின்றன. இரண்டின் இணையதளங்களிலும் நல்ல நிழற்படங்கள் கிடைக்கும். முதலில் டீபன்கார்னின் ‘நகரக் காட்சி 1’ படத்தைத் திறந்து, இடப்பக்கத்தைக் கையால் மறைத்துவிட்டு வலப்பக்கத்தை மட்டும் பாருங்கள், பிறகு மாற்றிப் பாருங்கள். அதன் பின் பார்க்கின் 1958, 1959 ஆண்டுகளின் தலைகளுக்குப் போங்கள். ஆனால் பார்க்கைப் பொறுத்தவரை நிழற்படம் பாதியைத்தான் தரும், ஏனென்றால் அந்த வண்ணத்தின் தடிமனும் தூரிகையின் மயிர்கள் இழுத்த வரப்புகளும் திரையில் தட்டையாகிவிடுகின்றன. அமெரிக்காவில் உறவினர் வீட்டுக்குப் போகும் வாய்ப்பு உள்ளவர்கள், சான் ஃபிரான்சிஸ்கோவில் அரைநாள் ஒதுக்கி, அந்தப் படங்களை முதலில் ஓர் அடி தொலைவிலும் பிறகு அறையின் மறுகோடியிலிருந்தும் பார்த்துவிட்டு வாருங்கள்.